பம்பை மாற்றும் முன்: பழைய சி-10 பிக்கப்பின் பவர் ஸ்டீயரிங்

1973 முதல் 1986 வரை ஷெவர்லே விற்ற அந்தச் சதுர உடம்பு சி-10 பிக்கப்புகள் அமெரிக்காவில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஸ்டீயரிங் கனத்தாலோ முனகினாலோ உரிமையாளர் கை முதலில் போவது புதுப் பம்புக்கு. பல நேரம் அது வீண் செலவு. ஜெனரல் மோட்டார்ஸின் சாகினா பிரிவு செய்த அந்தப் பம்பும் கியர்பாக்ஸும் முரட்டு ஜாதி. எண்ணெய் வற்றாமல் பார்த்துக்கொண்டால் லேசில் சாகாது. கோளாறு எண்ணெய்ப் பக்கமா, இரும்புப் பக்கமா என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

செய்ய வேண்டியவை

• டயரில் தொடங்குங்கள். காற்று இறங்கிய டயரும், அழகுக்காக மாட்டிய அகல டயரும் நல்ல ஸ்டீயரிங்கையும் கல்லாக்கிவிடும்.

• முன்பக்கத்தைத் தூக்கிப் பாருங்கள். எல்லாச் சோதனைகளிலும் முக்கியமானது இது. பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியால் தூக்கி, ஃபிரேமுக்கு அடியில் ஸ்டாண்ட் வையுங்கள். என்ஜின் ஓடக்கூடாது, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளாதபடி சாவியைத் திறந்த நிலையில் வைத்து, ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாகத் திருப்புங்கள். சீராகத் திரும்பினால் மூட்டுகள் நலம். சந்தேகம் பெல்ட், எண்ணெய், பம்ப், கியர்பாக்ஸ் வால்வு பக்கம் போகட்டும். அந்தரத்திலும் முரண்டு பிடித்தால், கியர்பாக்ஸ் தண்டில் மாட்டிய பிட்மேன் கையிலிருந்து இணைப்புத் தண்டைப் பிரித்துவிட்டு மறுபடி திருப்புங்கள். இப்போது இலகுவானால் கிரீஸ் காணாத பால் ஜாயின்ட்டோ, இணைப்புத் தண்டின் மறுபக்கத்தைத் தாங்கும் ஐட்லர் கையோதான் குற்றவாளி. அப்போதும் கனத்தால் கியர்பாக்ஸ், அல்லது ஸ்டீயரிங் தூண். (தண்டு பிரிந்திருக்கும்போது ஸ்டீயரிங் சக்கரத்தைச் சுழற்றிக் கோடியில் மோதவிடாதீர்கள், கியர்பாக்ஸின் உட்பாகங்கள் அடிபடும்.)

• எண்ணெயை முகர்ந்தும் பாருங்கள். தொட்டி மூடியிலேயே அளவுக் குச்சி இருக்கிறது. நுரைத்து வெளுத்திருந்தால் காற்று நுழைகிறது. கறுத்துக் கருகிய வாடை அடித்தால் சூடு அதிகம். விரலில் தேய்க்கும்போது மினுமினுப்பு தெரிந்தால் உள்ளே ஏதோ தேய்கிறது. பம்பைச் சந்தேகிக்க இது நியாயமான காரணம்.

• சத்தத்தைத் தரம் பிரியுங்கள். திருப்பும்போது கீச்சிட்டால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. என்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் முனகல், எண்ணெய்க் குறைவு அல்லது காற்று. முழுக்கத் திருப்பிய இடத்தில் மட்டும் உஸ் என்று வந்தால் அது இயல்பு, விட்டுவிடுங்கள்.

• ஒரு பக்கம் இலகு, மறுபக்கம் கனம் என்றால் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் வால்வையும் சீல்களையும் பாருங்கள். பம்புக்கு இடது வலது தெரியாது.

• ஒழுகலைத் தேடும் முன் கழுவுங்கள். ஐந்து இடங்கள்: பிரஷர் ஹோஸின் பட்டி அழுத்திய முனை, திரும்பும் ஹோஸின் கிளிப், பம்ப் தண்டின் சீல், தொட்டிக்குப் பின்னால் உள்ள ஓ-ரிங், கியர்பாக்ஸ் அடியில் பிட்மேன் தண்டின் சீல். துடைத்துக் காயவிட்டு, என்ஜினை ஓட்டி, ஒருவர் திருப்ப ஒருவர் பாருங்கள். எண்ணெய் சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு.

• ஆட்டம் இருந்தால் ரப்பர் மூட்டைப் பாருங்கள். ஸ்டீயரிங் தண்டு கியர்பாக்ஸைச் சேரும் இடத்தில் துணி பதித்த ஒரு ரப்பர் வட்டு இருக்கும். ஆண்டுக்கணக்கில் எண்ணெயும் சூடும் பட்டு அது ஊறி நைந்துபோகும். வண்டி தரையில் நிற்க, ஒருவர் ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் அசைக்கட்டும். மேல் விளிம்பு நகர்ந்தும் கீழ் விளிம்பு தாமதித்தால் நோய் அங்கேதான்.

• வண்டி நால்சக்கர இயக்கம் கொண்ட கே-10 என்றால், கியர்பாக்ஸ் போல்ட்டுகளைச் சுற்றி ஃபிரேமைச் சுரண்டிப் பாருங்கள். அந்த இடத்தில் விரிசல் விடுவது இந்த வண்டிகளின் ஊரறிந்த வியாதி. விரிசல் தெரிந்தால் வெல்டிங் தெரிந்தவரிடம் கொடுத்து வலுத்தகடு வைக்காமல் ஓட்ட வேண்டாம்.

• பம்பைத்தான் சந்தேகிக்கிறீர்களா? அழுத்தமானி வைத்துக் கேளுங்கள். என்ஜின் நிதானமாக ஓட, ஸ்டீயரிங் நேராக இருக்கையில் 80 முதல் 125 பி.எஸ்.ஐ. காட்ட வேண்டும். 200-ஐத் தாண்டினால் எங்காவது ஹோஸ் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மானியின் வால்வை மூடினால் முள் 1,000 பி.எஸ்.ஐ.க்கு மேல் எகிற வேண்டும். மூடிய நிலையில் ஐந்து நொடிக்கு மேல் வைக்காதீர்கள். நல்ல பம்பையும் நீங்களே கொன்றுவிடுவீர்கள்.

செய்யக்கூடாதவை

• பெல்ட்டை இறுக்க, பம்பின் தகரத் தொட்டியில் கம்பி கொடுத்து நெம்பாதீர்கள். அது மெல்லிய தகரம். நசுங்கினால் பின்னாலுள்ள ஓ-ரிங் கசியத் தொடங்கும். நெம்ப வேண்டிய இடம் பிராக்கெட். சிலவற்றில் அதற்கென்றே அரை அங்குலச் சதுரத் துளை விட்டிருக்கிறார்கள்.

• புல்லியைச் சுத்தியலால் தட்டிக் கழற்றவோ ஏற்றவோ வேண்டாம். அழுத்தி ஏற்றியது அது. அதற்குரிய புல்லர் வாடகைக்குக் கிடைக்கும்.

• கியர்பாக்ஸ் மேலிருக்கும் திருகை ஆட்டம் போக்கும் மருந்தாக நினைக்காதீர்கள். அரைச் சுற்று இறுக்கினால் ஆட்டம் குறைந்ததுபோல் இருக்கும். வளைவு முடிந்தபின் ஸ்டீயரிங் தானாக நேராகாது, பற்களும் தேயும். டை ராட், ஐட்லர் கை, ரப்பர் மூட்டு எல்லாம் பார்த்த பிறகே அந்தத் திருகு, அதுவும் கையேட்டின்படி.

• பிரேக் ஆயிலை ஊற்றாதீர்கள், அவசரத்துக்குக்கூட. சீல்கள் ஊதிப் போகும். ஒழுகலை நிறுத்துவதாகச் சொல்லி விற்கும் புட்டிகள் சில வாரங்களை வாங்கித் தரும், அவ்வளவுதான்.

• காற்றை வெளியேற்றுகிறேன் என்று என்ஜினை உறுமவிடாதீர்கள். நுரைதான் கூடும். முன்சக்கரம் தூக்கியபடி, என்ஜின் ஓடாமல், குமிழி அடங்கும்வரை கோடிக்குக் கோடி திருப்பி, எண்ணெய் குறையக் குறைய ஊற்றினால் போதும்.

• ஹோஸ் வாங்கும்போது வண்டியின் ஆண்டை மட்டும் சொல்லாதீர்கள். 1980 வாக்கில் இணைப்பு முனைகள் பழைய ஃபிளேர் வகையிலிருந்து ஓ-ரிங் வகைக்கு மாறின. இத்தனை வயதான வண்டியில் பம்ப் ஒரு காலத்தது, கியர்பாக்ஸ் வேறொரு காலத்தது என்று இருக்கலாம். பழைய ஹோஸைக் கையோடு கொண்டுபோங்கள்.

• ஹைட்ரோபூஸ்ட் பிரேக் உள்ள டீசல் வண்டியிலோ கனரக சி-30-இலோ பம்ப் கோளாறைத் தள்ளிப்போடவே கூடாது. பிரேக்குக்கு உதவும் அழுத்தமும் அதே பம்பிலிருந்துதான் வருகிறது. பெல்ட் அறுந்தால் சேமிப்பில் இருக்கும் அழுத்தம் ஓரிரு மிதிக்குத்தான் வரும். அதன்பின் உங்கள் கால் பலம் மட்டுமே. அப்படிப்பட்ட வண்டியில் பெல்ட் கீச்சிட்டால் அன்றே நிறுத்திச் சரிசெய்யுங்கள்.