செய்தி சொல்வதும் ஓர் அமானிதமே!

 



இன்று நம் ஒவ்வொருவரின் சட்டைப் பையிலும் ஒரு கேமரா இருக்கிறது. மன்னார்புரம் மேம்பாலத்தில் ஒரு விபத்து நடந்தால், நிருபர் வந்து சேர்வதற்கு முன்பே நான்கு பேர் படம் எடுத்து நாற்பது குழுக்களுக்கு அனுப்பி விடுகிறார்கள். "இனிமேல் பத்திரிகைக்காரர் எதற்கு? அவர் செய்வதை நாமே செய்யலாமே" என்று சிலர் கேட்கிறார்கள். "கண்டவன் கையில் செல்போன் கிடைத்ததால்தான் இவ்வளவு பொய்" என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எது சரி? இதற்கான விடை நம் மார்க்க வரலாற்றிலேயே இருக்கிறது.

கதவைத் தட்டிய அண்டை வீட்டார்

உமர் (ரலி) அவர்கள் மதீனாவின் மேட்டுப் பகுதியில் வசித்தார்கள். நபி (ஸல்) அவர்களின் சபைக்குத் தினமும் வர இயலாததால், அண்டை வீட்டு அன்ஸாரித் தோழர் ஒருவரோடு முறை வைத்துக் கொண்டார்கள். ஒரு நாள் இவர் போவார். மறுநாள் அவர் போவார். போனவர் அன்றைய வஹீயையும் மற்ற செய்திகளையும் மற்றவரிடம் வந்து சொல்வார். சம்பளம் இல்லை, பதவி இல்லை. ஆனாலும் இருவரும் ஒருவருக்கொருவர் செய்தியாளர்கள்.

ஒரு நாள் அந்த அன்ஸாரி கதவைப் பலமாகத் தட்டினார். நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியரைத் தலாக் சொல்லி விட்டார்கள் என்று பதறிப் போய்ச் சொன்னார். உமர் (ரலி) அவர்கள் உடனே தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் சென்றார்கள். அவர்கள் அழுது கொண்டிருந்தார்கள். தலாக் நடந்ததா என்று கேட்டபோது, தமக்குத் தெரியாது என்றார்கள். பள்ளிவாசலிலும் மிம்பருக்கு அருகில் சிலர் அழுது கொண்டிருந்தார்கள்.

இங்கே சற்று நில்லுங்கள். செய்தி சொன்னவர் நம்பிக்கையானவர். மகளின் கண்ணில் கண்ணீர். ஊரே கலங்கி நிற்கிறது. நாமாக இருந்தால் "உறுதியான செய்தி" என்று அப்போதே அனுப்பியிருப்போம். உமர் (ரலி) அவர்களோ உள்ளே செல்ல அனுமதி கேட்டார்கள். கிடைக்கவில்லை. மறுபடியும் கேட்டார்கள். அனுமதி கிடைத்ததும் நபி (ஸல்) அவர்களிடமே நேராகக் கேட்டார்கள். இல்லை என்று பதில் வந்தது. ஒரு மாத காலம் மனைவியரை விட்டு விலகியிருப்பதாக நபியவர்கள் சத்தியம் செய்திருந்தார்கள், நடந்தது அவ்வளவுதான். உமர் (ரலி) அவர்கள் பள்ளிவாசலின் வாசலில் நின்று, தலாக் நடக்கவில்லை என்று உரத்த குரலில் அறிவித்தார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது.

அந்த அன்ஸாரி பொய்யர் அல்லர். மக்கள் கண்டது "விலகியிருந்தார்கள்" என்பதை. அவர்களாக முடிவு செய்தது "தலாக்" என்பதை. கண்டதும் முடிவு செய்ததும் ஒரே வாக்கியமாகி ஊருக்குள் வந்து விட்டன. எந்தக் காலத்திலும் நேர்மையான மனிதர்கள் தவறான செய்தி சொல்வது இப்படித்தான். அச்சமூட்டும் செய்தி வந்ததும் பரப்பி விடாமல், ஆராய்ந்து அறியக்கூடியவர்களிடம் அதைக் கொண்டு செல்ல வேண்டும் என்று வழிகாட்டும் சூரத்துந் நிஸாவின் 83ஆவது வசனம் இந்தச் சம்பவத்தை ஒட்டி இறங்கியதாகவும் அதே அறிவிப்பில் வருகிறது.

நம் மாநிலத்தில் நடந்தது

2023 மார்ச் மாதத் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள், கொல்லப்படுகிறார்கள் என்று காணொளிகள் பரவின. பீகார் சட்டமன்றத்தில் அமளி ஏற்பட்டது. அங்கிருந்து அதிகாரிகள் குழு ஒன்று தமிழ்நாட்டுக்கு வந்தது. அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு அந்தச் செய்தியை மறுத்தார். பரவிய காணொளிகளில் ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள்ளேயே மோதிக் கொண்டது. மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்கு இடையே நடந்த சண்டை என்று விளக்கினார். படம் பொய்யல்ல. படத்தோடு ஒட்டப்பட்ட விளக்கம்தான் பொய்.

இதைப் பரப்பியவர்கள் யூடியூபர்கள் மட்டுமா? ஒரு பெரிய இந்தி நாளிதழும் அப்படியே வெளியிட்டது. அதன் ஆசிரியர் மீதும் வழக்குப் பதிவானது. சரி, இந்தப் பொய்யை உடைத்தவர்களில் முக்கியமானவர் யார்? ஆல்ட் நியூஸ் தளத்தின் முஹம்மது ஜுபைர். அவர் பொறியாளர், செல்போன் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 2017இல் அவரோடு அந்தத் தளத்தைத் தொடங்கிய பிரதீக் சின்ஹாவும் மென்பொருள் பொறியாளர். இருவருமே பத்திரிகை அலுவலகத்தில் வளர்ந்தவர்கள் அல்லர். அந்தப் பணிக்காகத் தமிழ்நாடு அரசு 2024 குடியரசு தினத்தில் ஜுபைருக்குக் கோட்டை அமீர் மத நல்லிணக்க விருதை வழங்கியது.

பத்திரிகைத் தொழிலில் இருந்தவர்கள் விசாரிக்காமல் வெளியிட்டார்கள். தொழிலுக்கு வெளியே இருந்து வந்தவர் விசாரித்தார். அப்படியானால் உயர்வு அடையாள அட்டையில் இல்லை; விசாரிப்பதில் இருக்கிறது.

இது நமக்குப் புதிதல்ல. 2020இல் தப்லீக் ஜமாஅத்தினர் மீது கொரோனா பழியைச் சுமத்தியவர்களில் பெரிய தொலைக்காட்சிகளும் இருந்தன. வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்து செய்த மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டனர் என்று அந்த ஆண்டு ஆகஸ்ட் 21ஆம் தேதி கூறியது. ஊடகங்களின் பிரச்சாரத்தையும் கண்டித்தது.

நல்லவராக இருந்தால் மட்டும் போதுமா?

ஹதீஸ் கலை இமாம்கள் ஓர் அறிவிப்பாளரிடம் இரண்டைப் பார்த்தார்கள். ஒன்று அதாலத், அதாவது நேர்மை. மற்றொன்று ளப்து, அதாவது கேட்டதைக் கூடுதல் குறைவின்றிப் பாதுகாத்துச் சொல்லும் துல்லியம். இரவெல்லாம் தொழுபவராக இருந்தாலும் ளப்து இல்லையென்றால் அவருடைய அறிவிப்பை ஏற்கவில்லை. "நான் கேட்டேன்" என்பதற்கும் "எனக்கு எட்டியது" என்பதற்கும் இடையே அவர்கள் வேறுபாடு பார்த்தார்கள். அந்த இமாம்களில் வியாபாரிகளும் இருந்தார்கள். சம்பளம் அவர்களை அறிஞர்கள் ஆக்கவில்லை. இந்த ஒழுங்குதான் ஆக்கியது.

சரி, சாமானியர் தொழில்முறை நிருபருக்கு ஈடாக முடியுமா? காண்பதில் ஈடாக முடியும், மிஞ்சவும் முடியும். 2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்தபோது, போலீஸாரின் முதல் அறிக்கை அதை உடல்நலக் குறைவுபோலச் சொன்னது. உண்மையைக் காட்டியது 17 வயது மாணவி ஒருத்தியின் செல்போன். மறு ஆண்டு புலிட்சர் குழு அவளுக்குச் சிறப்பு விருது அளித்தது. அவள் செய்தது என்ன? கண் முன் நடந்ததை வெட்டாமல், ஒட்டாமல் காட்டினாள்.

ஆனால் மாதக் கணக்கில் நீதிமன்றத்தில் உட்கார்ந்து வழக்கைப் பின்தொடர்வதும், அரசுக் கோப்புகளைப் படிப்பதும், மிரட்டல் வந்தால் வழக்கறிஞரோடு நிற்பதும் தனி ஒருவரால் எளிதில் ஆகிற காரியம் அல்ல. எழுதியதைத் திருத்த மேலே ஓர் ஆசிரியர் இருப்பதும், தவறினால் மறுப்பு வெளியிடும் கடமை இருப்பதும் பெரிய பாதுகாப்பு. எனவே நல்ல பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கிப் படியுங்கள்; அதன் குறையைக் கடிதம் எழுதிச் சுட்டிக் காட்டுங்கள்.

நாம் என்ன செய்ய வேண்டும்?

நீங்கள் ஒன்றைப் படம் எடுத்தால் இடம், தேதி, நேரம் மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். கண்டதை மட்டும் சொல்லுங்கள். "பேருந்து மோதியது" என்பது கண்டது. "ஓட்டுநர் குடித்திருந்தார்" என்பது யூகம். அடிபட்டவரின் முகத்தைக் காட்டாதீர்கள். அவருடைய தாய் அதைச் செல்போனில் பார்த்துத்தான் தெரிந்து கொள்ள வேண்டுமா? பிறர் அனுப்பியதானால், எடுத்தவர் யார் என்று தெரியும் வரை நிறுத்தி வையுங்கள். தவறு என்று தெரிந்தால், அனுப்பிய அதே குழுவில் மறுப்பைப் போடுங்கள். உமர் (ரலி) அவர்கள் மறுப்பை வீட்டுக்குள் சொல்லவில்லை. மக்கள் அழுது கொண்டிருந்த அதே பள்ளியின் வாசலில் நின்று சொன்னார்கள்.

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயது மூதாட்டியைக் கடத்தல்காரி என்று எண்ணி ஒரு கும்பல் அடித்தே கொன்றது. வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திதான் அந்தக் கைகளை ஓங்க வைத்தது. அதை அனுப்பியவர்கள் கல்லையோ தடியையோ தொடாமல் இருந்திருக்கலாம். ஆனால் மறுமையில் அந்த விரல்களுக்கும் விசாரணை உண்டு. கேட்டதையெல்லாம் பிறரிடம் சொல்வதே ஒருவர் பொய்யர் ஆவதற்குப் போதுமானது என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள்.

இன்று ஜும்ஆவில் உங்கள் தோளோடு தோள் சேர்ந்து நின்றவர் பீகாரிலிருந்தோ வங்காளத்திலிருந்தோ பிழைக்க வந்த ஒரு சகோதரராக இருக்கலாம். நீங்கள் அனுப்பும் ஒரு செய்தியில் அவருடைய உயிரும் மானமும் அடங்கியிருக்கக் கூடும்.

கண்டதை உள்ளபடி சொல்லவும், காணாததில் நாவையும் விரலையும் காத்துக் கொள்ளவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.