கால்களைக் காப்போம்

மலாக்கா மாநிலத்தின் கடலோரச் சிற்றூர்களுள் ஒன்று கோலா சுங்கை பாரு. மலாக்காத் தோட்டங்களில் அன்று ரப்பர் மரம் சீவியவர்கள் மரத்துக்கு மரம் நடந்தே வேலை செய்தனர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுள் பலர் இன்று தொழிற்சாலை, பேரங்காடி, உணவகம் ஆகிய இடங்களில் பணிபுரிகின்றனர். அங்கு ஒரே இடத்தில் மணிக்கணக்காக நிற்க வேண்டிய வேலைகள் பல உள்ளன. இவ்வாறு நிற்பது சுருள்சிரை நோய்க்கு ஒரு காரணமாகிறது. மக்கள் இதனை ‘நரம்பு சுருட்டல்’ என்பர். உண்மையில் சுருள்வது நரம்பன்று. இரத்தத்தை இதயத்திற்குத் திருப்பிக் கொண்டு செல்லும் சிரையே.

காலிலுள்ள இரத்தம் புவியீர்ப்பை எதிர்த்து மேலேற வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி, இரத்தத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. சிரைகளுக்குள் இருக்கும் சிறு வால்வுகள் அது கீழிறங்காமல் தடுக்கின்றன. அசையாமல் நின்றால் தசையின் உதவி கிடைப்பதில்லை. வால்வுகள் பழுதடைந்தால் இரத்தம் தேங்குகிறது. சிரை புடைத்து, வளைந்து நெளிகிறது.

சுருள்சிரை உள்ள அனைவரும் பெரும் பாதிப்புக்கு உள்ளாவதில்லை. எனினும், சிலருக்குக் கணுக்காலருகே தோல் கருத்துத் தடிக்கிறது, அரிப்பும் ஏற்படுகிறது. இதனைப் பொருட்படுத்தாமல் விட்டால், சிறு கீறலும் ஆறாத புண்ணாக மாறக்கூடும். புடைத்த சிரை உடைந்து இரத்தம் கசியலாம்; சிரைக்குள் இரத்தம் உறையவும் கூடும்.

இப்பாதிப்புகள் யாருக்கு அதிகம் ஏற்படுகின்றன? முதுமை, உடற்பருமன், போதிய நடையின்மை ஆகியவை அபாயத்தைக் கூட்டுகின்றன. காலில் முன்பு இரத்தம் உறைந்தவர்களும் பலத்த அடிபட்டவர்களும் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். புகைபிடித்தல் புண் ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது. இக்காரணங்களுள் பல ஒருவரிடம் ஒன்றுசேரும்போது அபாயமும் பெருகுகிறது. வயதை மாற்ற இயலாது. உடல் எடையையும் பழக்கங்களையும் மாற்ற இயலும்.

தனிமனிதர் மட்டுமன்றி வேலையிடமும் மாற வேண்டும். கேரளத்தில் துணிக்கடைகளில் நாள் முழுவதும் நின்ற பெண் பணியாளர்கள், உட்காரும் உரிமை கேட்டுப் போராடினர். அதன் பயனாக, கடைப் பணியாளர்களுக்கு இருக்கை வழங்க வேண்டும் என்று 2018ஆம் ஆண்டில் அங்குச் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாடும் 2021ஆம் ஆண்டில் அத்தகைய திருத்தத்தைக் கொண்டு வந்தது. ஒரு நாற்காலியும் நோய்த் தடுப்புக் கருவியே என்பதை அச்சட்டங்கள் உணர்த்துகின்றன.

நின்று வேலை செய்வோர் இடையிடையே சில அடிகள் நடப்பதும் குதிகாலை உயர்த்தி இறக்குவதும் நன்று. வீடு திரும்பியதும் படுத்து, கால்களைத் தலையணைமீது உயர்த்தி வைக்கலாம். அழுத்தக் காலுறையை மருத்துவரின் ஆலோசனைப்படியே அணிய வேண்டும். கால் தமனிகளில் அடைப்பு உள்ளவர்களுக்கு அது தீங்கு விளைவிக்கக்கூடும். சிரை உடைந்து இரத்தம் வெளியேறினால், நோயாளியைப் படுக்க வைத்து, காலை உயர்த்தி, தூய துணியால் அழுத்திப் பிடித்து, உடனே மருத்துவ உதவி நாட வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால், அன்றே மருத்துவரைக் காண வேண்டும். அதனுடன் மூச்சுத்திணறலும் ஏற்பட்டால், 999 என்ற எண்ணை உடனடியாக அழைக்க வேண்டும்.

‘வயதானால் கால் வலிக்கத்தான் செய்யும்’ என்று வீட்டுப் பெரியவர்கள் வலியை மறைப்பதுண்டு. தாத்தா பாட்டியின் கணுக்காலில் தோல் நிறம் மாறியிருப்பதை முதலில் காண்பவர் பேரப்பிள்ளையாகவும் இருக்கலாம். புண் தோன்றும் முன்பே அவர்களைக் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்வதே உண்மையான அன்பாகும்.