காட்டுப் பாதையும் அதனைக் காக்கும் கைகளும்

நெடுஞ்சாலை அமைப்போரை நாம் அறிவோம். ஆற்றுக்குப் பாலம் கட்டினால் திறப்பு விழா நடைபெறுகின்றது. கல்லில் பெயரும் பொறிக்கப்படுகின்றது. ஆனால், காட்டினுள்ளே செல்லும் ஒற்றையடிப் பாதையை ஆண்டுதோறும் செப்பனிடுவோரைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பள்ளி விடுமுறையில் அருவிக்குச் செல்கின்றோம். பாதை இருக்கின்றது, நடக்கின்றோம். அது தானாகவே அங்குக் கிடப்பதாக நினைத்துக்கொள்கின்றோம்.

உண்மை அதுவன்று. மழைக்காட்டில் எந்தப் பாதையும் தானாக நிலைத்திருப்பதில்லை. ஒரு மழைக்காலத்துக்கும் அடுத்த மழைக்காலத்துக்கும் இடையே, சிலர் மண்வெட்டியும் பாராங் கத்தியும் ஏந்தி உழைப்பதனாலேயே அது பாதையாக நிலைக்கின்றது. அவ்வுழைப்பு எத்தகையது, அதனுள் அடங்கிய அறிவு யாது என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

மழையும் வேலைப் பருவமும்

நம் தீபகற்பத்தில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 2,500 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று, கிழக்குக் கரை மாநிலங்களில் பெருமழையைக் கொட்டுகின்றது.

பகாங், கிளந்தான், திரங்கானு ஆகிய மூன்று மாநிலங்களிலும் பரந்து கிடப்பது தாமான் நெகாரா. இதன் பரப்பு 4,343 சதுர கிலோமீட்டர். 1938, 1939ஆம் ஆண்டுகளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தேசியப் பூங்கா என்னும் பெயரில் அமைக்கப்பெற்று, நாடு விடுதலை பெற்றபின் இன்றைய பெயரைப் பெற்றது. தீபகற்பத்தின் மிக உயர்ந்த சிகரமாகிய குனோங் தஹான், 2,187 மீட்டர் உயரத்துடன் இதனுள்ளேயே நிற்கின்றது. பருவமழை உச்சத்தில் இருக்கும்போது இச்சிகரத்துக்குச் செல்லும் நெடும்பாதையை மூடிவிடுவது வழக்கம். ஜொகூரின் எண்டாவ் ரொம்பின் பூங்காவும் அவ்வாறே மூடப்படுகின்றது.

மழை ஓய்ந்ததும் பாதை வேலைக்காரர்கள் காட்டினுள் நுழைகின்றனர். அடுத்த மழைக்குள் வேலை முடிந்தாக வேண்டும். ஆகவேதான் இதனைப் பருவ வேலை என்கின்றோம்.

நீரே முதற் பகைவன்

காட்டுப் பாதையை அழிப்பது யானையன்று. நீரே அதன் முதற் பகைவன். காட்டின் தரை உதிர்ந்த இலைகளால் மூடப்பட்டிருக்கின்றது. மழைத்துளி இலைமெத்தையில் விழுந்து, மெல்லக் கசிந்து, மண்ணுக்குள் இறங்குகின்றது. ஆனால் மனிதர் நடந்து நடந்து இறுகிப்போன பாதையில் இலைமெத்தை இல்லை. மண்ணும் நீரை உறிஞ்சுவதில்லை. மழைநீர் பாதையையே வாய்க்காலாக்கிக் கொண்டு கீழ்நோக்கி ஓடுகின்றது. சரிவு மிகுந்தால் நீரின் வேகம் மிகும். வேகம் மிகுந்தால் அது சுமந்து செல்லும் மண்ணும் மிகும். ஒரு மழைக்காலத்தில் முழங்கால் ஆழப் பள்ளம் விழுந்துவிடுவதும் உண்டு.

இதனைத் தடுக்க மூன்று வழிகள் கையாளப்படுகின்றன.

முதலாவது, பாதையை மலைமேல் நேராக ஏற்றாமல், மலையின் இடுப்பைச் சுற்றி வளைத்து வளைத்துக் கொண்டுசெல்வதாகும். நடக்கும் தூரம் கூடினாலும் சரிவு குறைகின்றது.

இரண்டாவது, பாதையின் மேற்பரப்பைப் பள்ளத்தாக்கின் பக்கமாகச் சற்றே சாய்த்து அமைப்பதாகும். கண்ணுக்குத் தோன்றாத அச்சாய்வினால், விழும் நீர் பாதை வழியே ஓடாமல் பக்கவாட்டில் வடிந்துவிடுகின்றது.

மூன்றாவது, பாதைக்குக் குறுக்கே மரக்கட்டையையோ கற்களையோ சாய்வாகப் பதிப்பதாகும். ஓடிவரும் நீர் இக்குறுக்குக் கட்டையில் மோதி, ஓரத்தில் வெட்டப்பட்ட சிறு கானின் வழியே காட்டுக்குள் திரும்பிவிடும். கட்டையை நேர்குறுக்காகப் பதித்தால் பயனில்லை. நீர் அங்கே தேங்கி, பின்னர் மேலேறிக் குதித்து, கீழே குழி பறிக்கும்.

இக்குறுக்குக் கட்டைகளை ஒருமுறை பதித்தால் போதுமா? போதாது. ஒவ்வொரு மழையும் வண்டலைக் கொண்டுவந்து கட்டையின் பின்னே நிரப்புகின்றது. இலைகள் கானின் வாயை அடைக்கின்றன. வாய் அடைபட்ட கான், கானே இல்லாததற்குச் சமம். எனவே ஆண்டுதோறும், கட்டைதோறும், வண்டலை அள்ளி, கானின் வாயைத் திறந்துவிட வேண்டும். பாதை வேலையின் பெரும்பகுதி இதுவே. பார்ப்பதற்குச் சிறு வேலை; ஆயினும் இதனை விட்டுவிட்டால் பாதையே இல்லை.

வீழ்ந்த மரம்

புயல்மழையில் மரங்கள் பாதைக்குக் குறுக்கே சாய்கின்றன. அவற்றை அறுப்பதற்கும் தனி அறிவு வேண்டும். இரு முனைகளும் மேட்டில் தாங்கி நிற்க, நடுப்பகுதி தொங்கும் மரத்தை எண்ணிப் பாருங்கள். அதன் மேற்புறம் நெருக்குண்டும் கீழ்ப்புறம் இழுபட்டும் இருக்கும். மேலிருந்தே முழுதும் அறுக்க முயன்றால் வாள் நடுவில் இறுகச் சிக்கிக்கொள்ளும். எனவே மேற்புறத்தில் சிறிதளவு அறுத்துவிட்டு, பின்னர்க் கீழ்ப்புறத்திலிருந்து அறுத்து முடிப்பர். சரிவான இடத்தில் அறுக்கும்போது பள்ளத்தின் பக்கம் எவரும் நிற்பதில்லை. துண்டான மரம் உருண்டால் உயிருக்கே ஆபத்து. அறுக்குமுன் தலைக்கு மேலே முறிந்து தொங்கும் கிளைகள் உண்டா எனப் பார்ப்பதும் இன்றியமையாதது.

தங்குமிடமும் தூய்மையும்

பாதை முடியும் இடத்தில் அருவியும், குந்தி இளைப்பாறப் பலகைகளும், குடிலும், கழிவறையும் இருக்கும். இவற்றைப் பேணுவதும் இவர்களது பணியே. மரப்பாலத்தின் ஒவ்வொரு பலகையும் உளுத்துவிட்டதா என்று தட்டிப் பார்க்கப்படுகின்றது. கைப்பிடிக் கயிறு இழுத்துச் சோதிக்கப்படுகின்றது. பாசி படிந்த படிகள் தேய்த்துக் கழுவப்படுகின்றன.

குப்பை அகற்றுவதை இழிவாகக் கருதுவோர் உளர். அவர்கள் ஒன்றை அறிய வேண்டும். எஞ்சிய சோறும் எலும்பும் எலிகளை ஈர்க்கின்றன. எலியின் சிறுநீர் கலந்த நீர் வழியே எலிக் காய்ச்சல் பரவுகின்றது. அது உயிரையும் பறிக்கவல்லது. அருவிக்கரையில் குப்பை அள்ளுபவர், அங்குக் குளிக்கும் குழந்தைகளின் உயிரைக் காக்கின்றார்.

ஆற்றோரத்து எச்சரிக்கைப் பலகையும் அத்தகையதே. மலையுச்சியில் பெய்த மழை, கீழே வானம் தெளிந்திருக்கும்போதே திடீர்ப் பெருக்காகப் பாய்ந்து வருவதுண்டு. மலாய் மொழியில் இதனைக் ‘கெப்பாலா ஆயர்’ என்பர். நீர் கலங்கி, சருகுகள் மிதந்து வரத் தொடங்கினால், உடனே கரையேற வேண்டும்.

புக்கித் தீமா தரும் பாடம்

சிங்கப்பூரின் புக்கித் தீமா குன்று 163 மீட்டர் உயரமே உடையது. ஆயினும், நாள்தோறும் மிகப் பலர் ஏறி இறங்கியதனால் அதன் பாதைகள் தேய்ந்தன, சரிவுகள் தளர்ந்தன. சேற்றை மிதிக்க விரும்பாதவர்கள் ஓரமாக ஒதுங்கி நடந்ததால் பாதைகள் அகன்று, மரங்களின் வேர்கள் வெளியே தெரிந்தன. மழைக்காட்டு மரங்களுக்கு உணவு தேடித் தரும் வேர்கள் தரையின் மேற்பகுதியிலேயே படர்ந்திருப்பவை. அவை மிதிபட்டால் மரம் நலியும். எனவே 2014ஆம் ஆண்டு செப்டம்பரில் அக்காடு சீரமைப்புக்காக மூடப்பட்டது. சரிவுகள் வலுப்படுத்தப்பட்டன, வேர்கள் மிதிபடாதவாறு உயர்த்திய நடைபாதைகள் அமைக்கப்பட்டன. 2016ஆம் ஆண்டு அக்டோபரில்தான் அது முழுமையாகத் திறக்கப்பட்டது. சிறு குன்றொன்றைச் செப்பனிட ஈராண்டு ஆயிற்று! ஆண்டுதோறும் செய்யும் சிறு பணியின் அருமையை இதனால் உணரலாம்.

நம் தோட்டத்து அறிவு

இங்கே ஓர் உண்மையைப் பெருமையுடன் கூற விரும்புகின்றோம். நீரை வழிமாற்றி மண்ணைக் காக்கும் இக்கலை நம் தோட்டப்புற மக்களுக்குப் புதிதன்று. மலைச்சரிவில் படிமேடை வெட்டிப் பால்மரம் நட்டவர்களும், வண்டல் குழி தோண்டியவர்களும், கான் தூர்வாரியவர்களும் நம் பாட்டனாரும் பாட்டிமாருமே. முற்காலத்தில் தோட்டங்களில் புல் ஒன்றும் இல்லாமல் தரையைச் சுரண்டி வைப்பதே நல்ல வேலையெனக் கருதப்பட்டது. மேல்மண் மழையோடு போவதைக் கண்ட பின்னரே, தரையை மூடும் அவரையினக் கொடிகள் வளர்க்கப்பட்டன. மூடிய தரையே பிழைக்கும் என்னும் அதே பாடத்தைத்தான் காடும் கற்பிக்கின்றது. காட்டின் தடங்களை நன்கறிந்த ஓராங் அஸ்லி மக்களும் தலைமுறை தலைமுறையாக இவ்வறிவைக் காத்து வந்துள்ளனர்.

எனினும், வெளிக்காட்டு வேலை என்றாலே படிப்பற்றோர் வேலை என எள்ளும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. மண்வெட்டி பிடிக்கும் தந்தையைப் பற்றிச் சொல்ல நாணும் மாணவரும் இருக்கக்கூடும். நாணத் தேவையில்லை. அமெரிக்க நாட்டில் கடும் வேலையின்மை நிலவிய 1933ஆம் ஆண்டில், அதிபர் ரூஸ்வெல்ட் வேலையற்ற இளைஞரைத் திரட்டிக் காடுகளுக்கு அனுப்பினார். 1942ஆம் ஆண்டு வரை ஏறத்தாழ 30 இலட்சம் இளைஞர் மரம் நட்டனர், பாதை வெட்டினர், முகாமிடங்கள் அமைத்தனர். மாத ஊதியம் 30 டாலர். அதில் பெரும்பாலும் 25 டாலர் அவர்தம் குடும்பத்துக்கே சென்றது. மண்வெட்டி பல இலட்சம் வீடுகளில் அடுப்பெரியச் செய்தது. அவர்கள் வெட்டிய பாதைகளில் இன்றும் மக்கள் நடக்கின்றனர்.

மாணவர் கடமை

பாதையில் சேறு இருந்தால் ஓரம் ஒதுங்காமல் நடுவிலேயே நடங்கள். காலைக் கழுவிக்கொள்ளலாம், அறுந்த வேரை ஒட்ட முடியாது. குறுக்குவழியில் இறங்காதீர்கள், அது அடுத்த மழைக்கு வாய்க்காலாகும். கொண்டுசென்ற பொருளின் உறையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். வேலை செய்வோரைக் கண்டால், “வணக்கம், ஐயா” என்று சொல்லிச் செல்லுங்கள்.

வீட்டில் ஒரு சோதனையும் செய்து பார்க்கலாம். இரண்டு தட்டுகளில் மண் பரப்பிச் சாய்த்து வையுங்கள். ஒன்றின்மேல் சருகுகளை மூடுங்கள். மற்றொன்றை வெறுமையாக விடுங்கள். துளையிட்ட குவளையால் இரண்டிலும் ஒரே அளவு நீர் தெளித்து, வடியும் நீரை இரு கண்ணாடிக் குவளைகளில் பிடியுங்கள். எது கலங்கியிருக்கின்றது, எது தெளிந்திருக்கின்றது என்று பெற்றோருக்குக் காட்டுங்கள். காட்டுப் பாதையில் குனிந்து கானைத் தூர்வாருபவர் ஏன் அவ்வேலையைச் செய்கின்றார் என்பதை அவ்விரு குவளைகளும் விளக்கும்.

உழைக்கும் கைகளை மதிப்போம், காட்டையும் காப்போம்!