மின்சாரம் போனாலும் கணினி வகுப்பு நடக்கட்டும்

தலத்தெரு போன்ற காரைக்கால் பகுதி ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மின்சாரம் போய்விட்டால் கணினி வகுப்பை ரத்து செய்துவிடாதீர்கள். பழைய காலண்டர் அட்டையில் ஐந்து துண்டு வெட்டி, 16, 8, 4, 2, 1 என்ற கணக்கில் புள்ளி வையுங்கள். ஐந்து பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, புள்ளி தெரியாதபடி ஆளுக்கொன்று கொடுங்கள். "13 காட்டு" என்றால் 8, 4, 1 வைத்திருப்பவர்கள் மட்டும் அட்டையைத் திருப்ப வேண்டும். திருப்பியது 1, திருப்பாதது 0. ஆக, 13 என்பது கணினிக்கு 01101. 0 முதல் 31 வரை எல்லா எண்ணும் இந்த ஐந்து அட்டையில் அடங்கிவிடும். நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகப் பேராசிரியர் டிம் பெல்லும் சகாக்களும் உலகெங்கும் பரப்பிய முறை இது. மனப்பாடம் செய்தே பழகிய பிள்ளைக்கும் சட்டென்று பிடிபடும்.

மின்சாரம் இருக்கும் நாளில் இருவருக்கு ஒரு கணினி போதும். ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மவுஸ் கைமாற வேண்டும். இல்லாவிட்டால் தெரிந்த பிள்ளையே ஓட்டும், மற்றது வேடிக்கைதான் பார்க்கும்.

தட்டச்சுக்குத் தமிழ்99 பலகையையே பழக்குங்கள். உயிரெழுத்துகள் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில் என்பதால் விரல் சீக்கிரம் பழகும்.

கடலோர உப்புக்காற்று இணைப்பு முனைகளை அரிக்கும். விடுமுறையிலும் வாரம் ஒருநாள் கணினிகளை இயக்கிப் பாருங்கள்.