இறுகிய மிதி

வெள்ளாறு கடலொடு கலக்குமிடத்து அமைந்த பழந்துறை பரங்கிப்பேட்டை. 1830-ஆம் ஆண்டு முதல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் இங்கு இரும்பாலை நடத்தினார். இரும்பு உருக்கிய அவ்வூரில் இரும்பைத் தின்னும் பகையும் உண்டு. அஃது உப்புக்காற்று.

மாணவர்களே! மீன் ஏற்றும் பழைய லாரி ஒன்றை நோக்குவோம். ஓட்டுநர் ஆக்சிலேட்டர் மிதியை அழுத்துகின்றார். அதனோடு இணைந்த கேபிள் தன் உறைக்குள் நகர்ந்து, டீசல் பம்பின் நெம்புகோலை இழுக்கின்றது, வேகம் மிகுகின்றது. காலை எடுத்தவுடன் சுருள்வில் எல்லாவற்றையும் பழைய நிலைக்கு மீட்கின்றது.

உறைக்குள் உப்பீரம் புகுந்தால் கேபிள் துருப்பிடிக்கும், மிதி இறுகும். கால் நோவது சிறு துன்பமே. அழுத்திய மிதி மீளாது நின்றுவிடின், கடைத்தெருவில் நிற்க வேண்டிய வண்டி விரைந்தோடும். அஃது உயிர்க்கே கேடாம்.

ஆதலின் நோயின் இடத்தை முதலில் அறிதல் வேண்டும். எஞ்சினை நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கேபிளை இருமுனையும் கழற்றுக. மிதி, கேபிள், நெம்புகோல் ஆகியவற்றைத் தனித்தனியே அசைத்துப் பார்க்க. இறுகியது மிதியாயின், அதன் அச்சில் படிந்த துருவை நீக்கி எண்ணெய் இடுக. கேபிளாயின், புதியது மாற்றுக. இழை அறுந்த கேபிளுக்கு எண்ணெய் மருந்தாகாது. நெம்புகோலாயின், பம்பு வல்லாரிடம் காட்டுக.

சிலர் மிதி எளிதாகும்பொருட்டுச் சுருள்வில்லைக் கழற்றிவிடுவர். இது பெரும்பிழை. காலை எதிர்ப்பதாகத் தோன்றும் அவ்வில்லே ஓட்டுநரைக் காப்பது. தடுப்பன எல்லாம் பகையல்ல என்பதை இதனால் அறிக.