ஆறாவது ஆளும் அணியின் ஆள்தான்



தோட்டத்தில் ஒரு கரப்பந்தாட்டப் போட்டி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அணியின் பெயர்ப் பட்டியலை ஒட்டிய மறுநாளே பிரச்சினை ஆரம்பமாகிவிடும். "போன வருசம் நான் இல்லாமலா ஜெயிச்சீங்க? இப்ப என்னைய ரிசேவ்ல போட்டிருக்கீங்க. நான் வரல, நீங்களே ஆடிக்கோங்க" என்று நல்ல ஆட்டக்காரர் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவரோடு இன்னும் இரண்டு பேர் போய்விடுவார்கள். பந்தைத் தொடுவதற்கு முன்பே அணி தோற்றுப்போகும். நாம் எல்லோரும் பார்த்திருக்கிற காரியம்தானே இது.

இதே நிலைமை உலகப் புகழ்பெற்ற ஓர் ஆட்டக்காரருக்கு வந்தது. அவர் என்ன செய்தார், அதன் பலன் என்ன என்பதை இந்த முறை பாடமாகப் படிப்போம்.

விளையாட்டைப் பற்றி

கூடைப்பந்தாட்டத்தில் ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடுவார்கள். மற்றவர்கள் ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ஆட்களை எத்தனை முறையும் மாற்றிக்கொள்ளலாம். வெளியே போனவர் திரும்பவும் உள்ளே வரலாம். அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டிகளில் ஓர் ஆட்டம் 48 நிமிடம். ஐந்து பேரே முழு நேரமும் ஓட முடியாது.

பெஞ்சிலிருந்து முதலில் எழுந்து வருகிறவரை 'ஆறாவது ஆள்' என்பார்கள். பொஸ்டன் செல்டிக்ஸ் அணியின் பயிற்றுவிப்பாளர் ரெட் அவர்பாக் 1950களில் இதை ஒரு தந்திரமாகவே செய்தார். பிராங் ராம்சி என்ற திறமையான வீரரை வேண்டுமென்றே ஆரம்பத்தில் இறக்காமல் வைத்திருப்பார். எதிரணி களைத்துப்போகும் நேரத்தில் ராம்சி புதுத்தெம்போடு உள்ளே வருவார். ஆகவே பெஞ்சு என்பது உதவாதவர்களைத் தள்ளி வைக்கிற இடம் அல்ல. ஆனாலும் பெயர் பெற்ற ஒருவரை அங்கே உட்காரச் சொன்னால் மனம் ஒப்புமா?

758 ஆட்டங்களுக்குப் பிறகு

அந்த வீரரின் பெயர் அன்ட்ரே இகுடாலா. 2004ஆம் ஆண்டு பிலடெல்பியா அணியில் சேர்ந்தார். ஒரு பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 20 புள்ளிகளுக்கு நெருக்கமாக எடுத்தவர். 2012இல் நட்சத்திர வீரர்களின் ஆட்டத்துக்குத் தெரிவானார். அதே ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியோடு தங்கப் பதக்கமும் வென்றார். 2013இல் கலிபோர்னியாவின் கோல்டன் ஸ்டேட் வொரியர்ஸ் அணிக்கு வந்தார். அங்கே முதல் பருவம் முடியும் வரை லீக் ஆட்டங்களில் அவர் ஆடிய 758 ஆட்டங்களிலும் ஆரம்பம் முதல் இறங்கியவர். ஒன்றில்கூட பெஞ்சிலிருந்து வந்ததில்லை.

2014இல் ஸ்டீவ் கேர் புதிய பயிற்றுவிப்பாளராக வந்தார். அணியில் இரண்டு குறைகளைக் கண்டார். முதல் ஐந்து பேர் ஓய்வெடுக்கும்போது உள்ளே வருகிறவர்களை நடத்திச் செல்ல அனுபவமான ஆள் இல்லை. அடுத்து, ஹரிசன் பார்ன்ஸ் என்ற 22 வயது இளைஞர், இகுடாலா வந்ததால் தன் இடத்தை இழந்து, பெஞ்சிலிருந்து ஆடித் தடுமாறிக்கொண்டிருந்தார். இரண்டுக்கும் ஒரே மருந்துதான். பார்ன்ஸ் முதல் ஐவரில் வர வேண்டும், இகுடாலா பெஞ்சுக்குப் போக வேண்டும்.

இதை கேர் அவரிடம் நேருக்கு நேர் பேசினார். கேரும் ஒரு காலத்தில் வீரர்தான். பெரும்பாலும் பெஞ்சிலிருந்தே வந்து ஆடி, ஐந்து முறை என்.பி.ஏ. கிண்ணம் வென்ற அணிகளில் இருந்தவர். அந்த இடத்தின் வலியும் பெருமையும் அவருக்குத் தெரியும்.

இகுடாலாவுக்கு இது இலேசான காரியம் அல்ல. புள்ளிகள் குறையும், பெயர் மங்கும், 'இவருக்கு வயசு போயிட்டுது' என்று ஊர் பேசும். இருந்தாலும் ஏற்றுக்கொண்டார். அந்தப் பருவத்தில் அவர் ஆடிய 77 லீக் ஆட்டங்களிலும் பெஞ்சிலிருந்தே வந்தார். அவருடைய சராசரி 7.8 புள்ளிகளாக இறங்கியது. அணியோ 82 ஆட்டங்களில் 67ஐ வென்றது.

கடைசியில் வந்த அழைப்பு

2015 ஜூன் மாதம் இறுதித் தொடர். எதிரே லெப்ரோன் ஜேம்ஸ் ஆடிய கிளீவ்லன்ட் அணி. முதல் மூன்று ஆட்டங்களில் இரண்டை கிளீவ்லன்ட் வென்றுவிட்டது. அப்போது ஒரு யோசனை வந்தது. சொன்னவர் பெரிய நிபுணர் அல்ல, பயிற்றுவிப்பாளரின் உதவியாளராக இருந்த 28 வயது நிக் யூரன். பழைய ஆட்டங்களின் வீடியோவைப் பார்த்துவிட்டு, "உயரமான அன்ட்ரூ போகட்டுக்குப் பதிலாக இகுடாலாவை ஆரம்பத்திலேயே இறக்கலாம்" என்றார். கேர் அதை ஏற்றுக்கொண்டார். யோசனை யாருடையது என்பதைப் பிறகு எல்லோருக்கும் சொல்லவும் செய்தார்.

நான்காவது ஆட்டத்தில் இகுடாலா 22 புள்ளிகள் எடுத்தார். வொரியர்ஸ் 103க்கு 82 என்று வென்றது. அடுத்த இரண்டு ஆட்டங்களையும் வென்று, 40 வருடங்களுக்குப் பிறகு கிண்ணத்தைக் கைப்பற்றியது. ஆறாவது ஆட்டத்தில் இகுடாலாவுக்கு 25 புள்ளிகள். லெப்ரோனை மறித்து ஆடும் பாரமும் பெரும்பாலும் அவர் தலையில்தான். தொடரின் சிறந்த வீரர் விருது அவருக்கே கிடைத்தது. அந்தப் பருவத்தின் லீக் ஆட்டம் ஒன்றில்கூட ஆரம்பத்தில் இறங்காத ஒருவர் இந்த விருதைப் பெற்றது அதுவே முதல் தடவை.

போகட்டையும் மறந்துவிடக் கூடாது. இகுடாலா எழுந்த இடத்தில் இப்போது அவர் உட்கார்ந்தார். கடைசி இரண்டு ஆட்டங்களில் அவர் களத்தில் இறங்கவே இல்லை. கிண்ணத்தில் அவருக்கும் பங்கு உண்டு.

நாம் படிக்க வேண்டியது

முதலாவது, இடம் வேறு, மதிப்பு வேறு. இகுடாலா பெஞ்சில் உட்கார்ந்தபோது அவருடைய திறமை குறையவில்லை. மனம் வெறுத்துப் பயிற்சியை விட்டிருந்தால் ஜூன் மாதம் அழைப்பு வந்தபோது உடம்பு தயாராக இருந்திருக்காது. சும்மா உட்கார்ந்திருப்பதற்கும் தயாராக உட்கார்ந்திருப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

இரண்டாவது, கேட்கிற முறை. தலைவராக இருப்பவர் பட்டியலை ஒட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. சம்பந்தப்பட்டவரைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, இந்தக் காரணத்துக்காக உங்கள இங்க போடுறோம், உங்களால இது ஆகணும்" என்று சொல்ல வேண்டும். காரணம் தெரிந்தால் பாதி மனவருத்தம் அங்கேயே கரைந்துவிடும்.

மூன்றாவதை நாம் கவனமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'விட்டுக்கொடு' என்ற வார்த்தையைத் தொழிலாளர்கள் நிறையவே கேட்டிருக்கிறார்கள். இடத்தை விட்டுக்கொடுப்பது வேறு, உரிமையை விட்டுக்கொடுப்பது வேறு. இகுடாலா 2013இல் நான்கு வருடத்துக்கு 4 கோடி 80 இலட்சம் டொலருக்கு ஒப்பந்தம் செய்தவர். பெஞ்சுக்குப் போனதற்காக அந்தச் சம்பளத்தை யாரும் வெட்டவில்லை. அவர் கொடுத்தது கௌரவத்தை, அதையும் தானே சம்மதித்து, தன் அணிக்காகக் கொடுத்தார். செய்த வேலைக்குரிய கூலியை, கிடைக்க வேண்டிய லீவை விட்டுக்கொடு என்று ஒருவர் சொன்னால் அது இந்தப் பாடம் அல்ல. அங்கே கேள்வி கேட்பதுதான் சரி.

ஆனால் விளையாட்டு அணியில், கோயில் கமிட்டியில், மாதர் சங்கத்தில், மரண உதவிச் சங்கத்தில் பத்து வருடமாக ஒரே நாற்காலியில் இருப்பவர்கள், இளம் பிள்ளைகளுக்கு வழிவிட்டுப் பக்கத்தில் நின்று உதவலாம். பக்கத்தில் நில்லுங்கள், வீட்டுக்குப் போய்விட வேண்டாம். உங்களைக் கூப்பிடும் நேரம் வரும்.

கூட்டத்தில் கலந்து பேச:

1. நம் அணியில் அல்லது சங்கத்தில் பதவி போனதும் விலகிப்போனவர்கள் யார்? அவர்களிடம் யாராவது காரணம் சொன்னோமா?

2. நிக் யூரனைப் போல ஓர் இளைஞர் யோசனை சொன்னால் நம் கூட்டத்தில் பேச இடம் கிடைக்குமா?