நுவரெலியாவுக்கு எந்த மாதம் வரலாம்? அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, நுவரெலியாவுக்கு வருவதென்று முடிவெடுத்ததும் எல்லோரும் ஹோட்டலைத்தான் முதலில் தேடுகிறார்கள். நீ முதலில் கலண்டரைப் பார். கூட வருவது கைக்குழந்தையா, முழங்கால் வலியுள்ள மாமியாரா, துள்ளித் திரிகிற தம்பிமாரா என்று யோசி. அவர்களுக்கு ஏற்ற மாதம் அமைந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

ஒன்றை மட்டும் மனதில் வை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்பில் வியர்த்துக்கொண்டு பஸ் ஏறுகிறவர்களுக்கு இங்கே இறங்கும்போது பல் கிட்டும். எந்த மாதம் வந்தாலும் ஸ்வெட்டரைப் பெட்டியின் அடியில் போடாதே, கைக்கு எட்டும்படி வை.

ஜனவரி முதல் மார்ச் வரை: பனியும் வெயிலும்

என்னைக் கேட்டால், முதல் தடவை வருகிறவர்களுக்கு இதுதான் நல்ல காலம். மழை குறைவு, வானம் தெளிவு, கூட்டமும் அளவோடு இருக்கும். ஆனால் வானம் தெளிந்திருக்கும் இரவில்தான் குளிர் கடுமையாக இறங்கும். மேகப் போர்வை இல்லாததால் நிலத்தின் சூடு முழுவதும் மேலே போய்விடும். கனத்த குளிர் காற்று பள்ளத்தில் வந்து தேங்கும். அதனால்தான் துகள் உறைபனி மலை உச்சியை விட்டுவிட்டுக் குதிரைப் பந்தயத் திடலிலும் வாவியோரப் புல்லிலும் விழுகிறது. வாவி இருக்கும் இடமே முன்பு சதுப்புப் பள்ளம்தான். ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில், 1873-இல், ஓடையை மறித்து வாவியாக்கினார்கள்.

உறைபனி பார்க்க ஆசையென்றால் காலை 6 மணிக்கே திடலுக்குப் போ. புல்லின் ஓரம் முழுவதும் சீனி தூவியதுபோல் வெள்ளையாக இருக்கும். வெயில் பட்டதும் கரைந்துவிடும். நமக்கு அது படம் எடுக்கிற அழகு. தோட்டத்தில் அதே பனி பட்ட கொழுந்து கருகிப் போகும், மரக்கறிப் பாத்தியும் வாடும். அந்தக் கவலையோடு நிற்கிறவர்கள் முன்னால் ஆரவாரம் செய்யாமல் இரு.

பகல் குளிர்ச்சியாக இருக்கிறதென்று தொப்பி இல்லாமல் திரியாதே. இந்த உயரத்தில் வெயில் தோலைச் சுட்டுவிடும். சிறுபிள்ளைகளின் கன்னத்துக்கும் உதட்டுக்கும் வசிலின் பூசு. வீசிங் உள்ளவர்கள் இன்ஹேலரைப் பையில் வைத்திருக்கட்டும், காலை 8 மணிக்கு முன் வெளியே போக வேண்டாம்.

ஏப்ரல்: வசந்த காலம்

பூக்கண்காட்சி, குதிரைப் பந்தயம், வாவியில் படகுகள் என்று ஊரே திருவிழாக்கோலம். கொண்டாட்டம் பிடித்தவர்கள் வரலாம். அமைதி தேடுகிறவர்கள் இந்த மாதத்தைத் தவிர்த்துவிடட்டும். அறை வாடகை பல மடங்கு ஏறும், வாவியைச் சுற்றி வாகனம் நகராது. புத்தாண்டு நாட்களை ஒட்டித்தான் நெரிசல் உச்சம்.

ஏப்ரலில்தான் வர முடியுமென்றால், அறையை மாதக்கணக்கில் முன்பே பதிந்து வாடகையை எழுத்தில் வாங்கிக்கொள். வெளி வேலைகளைக் காலையிலேயே முடி. இந்த மாதத்தில் மதியத்துக்குப் பிறகு இடியுடன் மழை வருவது வழக்கம். மேகம் கறுத்தால் படகில் ஏறாதே. லைஃப் ஜக்கெட் தராத படகிலும் ஏறாதே, பிள்ளைக்கு அளவான ஜக்கெட் கேட்டு வாங்கு. புத்தாண்டன்று ஹட்டன், தலவாக்கலைக் கடைகள் பூட்டியிருக்கும். பால்மா, மருந்து எல்லாம் முதல் நாளே வாங்கி வை.

மே முதல் செப்டெம்பர் வரை: தென்மேல் பருவக்காற்று

மழையை விரும்புகிறவர்களுக்குரிய மாதங்கள். தலவாக்கலைப் பக்கம் டெவோன், சென்கிளயர் அருவிகள் நிரம்பி விழுவது இப்போதுதான். மேல் கொத்மலைத் திட்டத்துக்குத் தண்ணீர் திருப்பப்பட்ட பிறகு, மற்ற நாட்களில் சென்கிளயர் மெலிந்துதான் தெரியும். ஹட்டன், மஸ்கெலியா, நோட்டன் பிரிட்ஜ் பக்கம் நுவரெலியாவைவிட மழை பலம். நீர்த்தேக்க வான்கதவுகள் திறக்கப்படும் காலம் இது. ஆற்றில் குளிக்க இறங்கவே கூடாது.

ஒரு வழி சொல்கிறேன். நுவரெலியாவில் தூறல் விடாமல் பிடித்துக்கொண்டால் அறையில் முடங்கிக் கிடக்காதே. சீதா எலிய அம்மன் கோயிலைக் கும்பிட்டு, ஹக்கல பூங்காவைப் பார்த்து, வெலிமடைப் பக்கம் இறங்கு. இந்த மழைமேகத்தை மலைத்தொடர் மறித்துக்கொள்வதால் ஊவாப் பக்கம் பெரும்பாலும் வெயிலடிக்கும். ஹக்கல பூங்கா 1861-இல் சிங்கோனா மரம் வளர்க்கத் தொடங்கிய இடம். சரிவில் ஏறி இறங்க வேண்டும். முழங்கால் வலியுள்ளவர்களுக்கு நகரின் நடுவிலுள்ள விக்டோரியா பூங்காதான் தோது.

காட்டுப் பக்கம் நடப்பதானால் சொக்ஸில் சவர்க்காரம் தேய்த்துக்கொள், அட்டை ஏறாது.

ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை: வானிலை பார்த்து வா

இந்த மாதங்களில் ஆசையைவிட எச்சரிக்கை முக்கியம். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தபோது மலையகத்தில் எத்தனை வீடுகள் மண்ணுக்குள் போயின என்பதை நாம் மறக்க முடியாது. கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்தால், கட்டிய முற்பணம் போனாலும் பயணத்தை நிறுத்து. அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தை அழை. ரயிலில் வருவதானால், நானுஓயா வரை பாதை திறந்திருக்கிறதா என்று புறப்படும் முன் விசாரி.

வானம் வெளுத்த நாட்களில் விக்டோரியா பூங்கா ஓடையோரம் விடியற்காலையில் சத்தமின்றி நில். ஆறுமணிக்குருவியும் காஷ்மீர் ஈப்பிடிப்பானும் குளிர்காலத்துக்கு அங்கே வந்திருக்கும். டிசம்பர் பௌர்ணமியில் சிவனொளிபாத மலைப் பருவம் தொடங்கி மே வரை போகும். அந்த வார இறுதிகளில் ஹட்டன் ரயிலும் பஸ்ஸும் நிரம்பி வழியும், கிழமை நாளில் வா.

எந்த மாதமானாலும்

வாகனம் ஓட்டுகிறவருக்கு மலைப்பாதைப் பழக்கம் இருக்கிறதா என்று முதலில் கேள். இறக்கத்தில் சின்ன கியரில்தான் வரவேண்டும், பிரேக்கையே நம்பக்கூடாது. நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் போகவே வேண்டாம். 2023 ஜனவரியில் அங்கே பஸ் மோதி 7 பேர் உயிரிழந்தார்கள். இருட்டும் முன் அறைக்குத் திரும்பு.

தோட்டத்துக்குள் நுழைவதானால் அனுமதி கேள். மருந்தடித்த மலையில் பிள்ளைகளை விடாதே. கொழுந்து பறிக்கிற அக்காமாரை நிறுத்தி வைத்துப் படம் எடுக்காதே. நிறுவையில் கிலோ குறைந்தால் அவர்களுக்கு அன்று அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம்தான். பேச ஆசையென்றால் மாலையில் நிறுவை முடிந்த பிறகு பேசு. சந்தோஷமாகப் பேசுவார்கள், தேத்தண்ணியும் தருவார்கள். வெறும் கையோடு போகாதே, பிள்ளைகளுக்குக் கொப்பி, பென்சில் கொண்டு போ.

இனி கலண்டரை எடு. மாமியாரோடு என்றால் பெப்ரவரி, தம்பிமாரோடு என்றால் ஏப்ரல், நீயும் மாப்பிள்ளையும் மட்டுமென்றால் ஜூலை. நாளைக் குறித்துவிட்டுத்தான் ஹோட்டலுக்குப் போன் எடுக்க வேண்டும்.